ஜூன் 5 அன்று குழி வெட்டுங்கள், ஐப்பசியில் கன்று நடுங்கள்

மரக்கன்று நடும் விழாக்களை நடத்தும் மாவட்ட நிர்வாகத்தினர், உள்ளாட்சி அலுவலர்கள், பள்ளி கல்லூரிகளின் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர்கள், தொண்டு சங்கங்களின் நிர்வாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

சிவகங்கை மாவட்டத்தில் சிறியதாக ஒரு நாற்றங்கால் வைத்திருப்பவன் நான். மே மாதம் பாதி கழிந்ததும் என் தொலைபேசி ஓயாமல் அடிக்கத் தொடங்கும். "ஐந்தாம் தேதிக்கு ஐந்நூறு கன்று வேண்டும். எந்தக் கன்றாக இருந்தாலும் சரி, கொஞ்சம் உயரமாக இருக்கட்டும், படத்தில் தெரிய வேண்டும்" என்பார்கள். ஜூன் முதல் வாரம்தான் எங்கள் தொழிலுக்குத் தீபாவளி. ஆகவே நான் இப்போது எழுதப்போவது என் வியாபாரத்துக்கு நானே வைத்துக்கொள்ளும் வேட்டு. அது தெரிந்துதான் எழுதுகிறேன்.

வேண்டுகோள் இதுதான். சிவகங்கை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, விருதுநகர், தூத்துக்குடி போல வடகிழக்குப் பருவமழையை நம்பிப் பிழைக்கும் மாவட்டங்களில், பாசன வசதி இல்லாத இடங்களில், ஜூன் மாதத்தில் மரக்கன்று நடுவதை நிறுத்திவிடுங்கள். புரட்டாசிக் கடைசியில் தொடங்கிக் கார்த்திகை நடுவுக்குள் நட்டு முடியுங்கள். உலகச் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 அன்று விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அன்று செய்வதற்கு உருப்படியான வேலை நிறைய இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

என்னிடமிருந்து ஒரு வேப்பங்கன்று எந்த நிலையில் கிளம்புகிறது என்று முதலில் பாருங்கள். நிழல்வலைக்குக் கீழே, பக்கத்துக் கன்றோடு தோள் உரசிக்கொண்டு, காலையும் மாலையும் தண்ணீர் குடித்து வளர்ந்த பிள்ளை அது. அதன் வேர் முழுவதும் ஓர் அடிக்கும் குறைவான உயரமுள்ள பாலிதீன் பைக்குள் அடங்கிக் கிடக்கிறது. பையைக் கீறி எடுத்தால் மண்கட்டியின் அடியில் வேர்கள் வளைந்து வளைந்து சுற்றியிருப்பதைக் கண்ணால் காணலாம். அதைக் குழியில் இறக்கி மண் தள்ளி மூடிவிட்டால் நட்டாயிற்று என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு அந்தக் கன்று குடிக்கவும் தின்னவும் அந்த மண்கட்டி ஒன்றை மட்டுமே நம்பியிருக்கிறது. கட்டியைத் தாண்டிச் சுற்றியிருக்கும் நிலத்துக்குள் புதுவேர் புகுந்த பிறகுதான் அது பிழைக்கும் வழிக்கு வரும். புதுவேர் புகுவதற்கு அந்த நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும்.

ஜூனில் எங்கள் பக்கத்து நிலத்தில் ஒரு முழம் தோண்டினாலும் மண் பொடியாகத்தான் வரும். நீங்கள் ஒரு வாளி ஊற்றுகிறீர்கள். காய்ந்து கிடக்கும் குழிச்சுவர் நான்கு பக்கமும் அதை உறிஞ்சிக்கொள்கிறது. இரண்டு நாள் தண்ணீர் தவறினால் மண்கட்டி காய்ந்து சுருங்கி, குழி மண்ணை விட்டு விரல் நுழையும் அளவுக்கு விலகி நிற்கும். அதன்பின் ஊற்றும் தண்ணீர் அந்த இடுக்கு வழியாக நேரே கீழே இறங்கிவிடும். கட்டியின் நடுப்பகுதி நனைவதே இல்லை. "தண்ணீர் ஊற்றிக்கொண்டேதான் இருந்தோம், ஆனாலும் பட்டுவிட்டது" என்று ஆசிரியர்கள் என்னிடம் வருத்தப்படும்போது அவர்கள் பொய் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். பட்டுப்போன கன்றைப் பிடுங்கிப் பாருங்கள். எந்த வடிவத்தில் பையிலிருந்து எடுத்தீர்களோ அதே வடிவத்தில் கட்டியோடு வரும். ஒரு வேர்கூட வெளியே எட்டிப் பார்த்திருக்காது.

கரிசல் பூமியில் இன்னொரு கொடுமை உண்டு. கோடையில் அந்த மண் கைவிட்டால் முழங்கைவரை போகும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும். நட்ட இடத்தின் பக்கத்தில் வெடிப்பு ஓடினால், ஊற்றும் தண்ணீர் அதற்குள் போய் மறையும். வெடிப்பு வழியே உள்ளே போகும் அனல் காற்று வேரை வறுத்துவிடும். மண் விரிந்து சுருங்கும்போது இளவேர் அறுந்தும் போகும்.

வெயில் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. ஆனி பிறந்ததும் மேல்காற்று தொடங்கிவிடுகிறது. கேரளத்திலும் மலை உச்சியிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, ஈரத்தை எல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, காய்ந்த காற்றாக இந்தப் பக்கம் இறங்குகிறது தென்மேற்குப் பருவக்காற்று. மழை அந்தப் பக்கத்துக்கு, காற்று இந்தப் பக்கத்துக்கு. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லி வைத்த ஊரில், பென்சில் தடிமன் தண்டும் பத்துப் பதினைந்து இலையும் உள்ள கன்றைக் கொண்டுபோய் வெட்டவெளியில் நிறுத்துகிறோம். நாள் முழுவதும் ஆட்டுகிற ஆட்டத்தில் தண்டைச் சுற்றி மண்ணில் குழி விழுந்துவிடும். துணி காயப் போட்டால் அரை மணி நேரத்தில் காய்கிற காற்று, இலையை மட்டும் விட்டுவைக்குமா? வேர் தருவதைவிட இலை இழப்பது அதிகமாகும்போது முதலில் நுனி கருகும், பிறகு இலை கொட்டும். தாக்குப்பிடித்து அடியிலிருந்து ஒரு துளிர் விட்டால் அதற்கென்றே ஆடு காத்திருக்கும்.

ஆடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டங்களில் ஆட்டுக்காரர்களைத் திட்டாத பேச்சாளர் இல்லை. ஜூனில் அந்தப் பொட்டலில் பச்சையாக நிற்பது நீங்கள் நட்ட கன்று ஒன்றுதான். ஆடு வேறு எதைத் தின்னும்? கார்த்திகையில் அதே பொட்டலுக்கு வந்து பாருங்கள். முழங்கால் உயரம் புல் நிற்கும். வாய்க்கு எட்டிய இடமெல்லாம் மேய்ச்சல் கிடைப்பதால், கூண்டுக்குள் தலையை விட்டுக் கன்றைக் கடிக்கும் கட்டாயம் ஆட்டுக்கு அப்போது இல்லை. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல மாட்டேன், வேலி அப்போதும் வேண்டும். ஆனால் சேதத்தில் வித்தியாசம் கண்கூடு.

இந்த ஜூன் மாதம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்திருக்கிறீர்களா? 1972 ஜூன் 5 அன்று ஸ்வீடனின் ஸ்டாக்ஹோம் நகரில் ஐ.நா.வின் மனிதச் சுற்றுச்சூழல் மாநாடு தொடங்கியது. அதன் நினைவாகத்தான் அந்தத் தேதி உலகச் சுற்றுச்சூழல் நாளானது. மாநாடு தொடங்கிய நாளுக்கும் சிவகங்கை மண்ணின் ஈரத்துக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அன்று சுற்றுச்சூழலை நினைக்கச் சொன்னார்களே தவிர, உலகம் முழுவதும் அன்றைக்கே மரம் நட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. இன்னொன்று வன மகோத்சவம். 1950இல் மத்திய உணவு, வேளாண் அமைச்சராக இருந்த கே. எம். முன்ஷி தொடங்கிவைத்தது. ஜூலை முதல் வாரம் கொண்டாடப்படுகிறது. பம்பாய்க்கும் குஜராத்துக்கும் டில்லிக்கும் ஜூலை என்றால் மழை. அவர்களுக்கு அது மிகச் சரியான மாதம். அதே சுற்றறிக்கை இராமநாதபுரத்துக்கும் வந்தபோது நாமும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டோம்.

தமிழ்நாட்டின் மழைக்கணக்கு வேறு. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெய்துவிடுகிறது. தென்மேற்குப் பருவத்தின் நான்கு மாதங்களில் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான். அந்தப் பங்கும் எல்லா இடத்துக்கும் சமமாக வருவதில்லை, நீலகிரிக்கும் வால்பாறைக்கும் குமரிக்கும் அதிகமாகப் போகிறது. சமவெளிக்கு ஆவணி, புரட்டாசியில் மாலை நேர இடிமழையாகக் கொஞ்சம் கிடைக்கும். கிழக்குக் கடற்கரை மாவட்டங்களுக்கு ஜூன் மாதத்தில் வருவது மிகச் சொற்பம். கத்திரி முடிந்துவிட்டதே என்று ஆறுதல் கொள்ளவும் வழியில்லை. சென்னையில் 45 டிகிரி பதிவானது 2003 மே 31 அன்று. பஞ்சாங்கப்படி கத்திரி அதற்குள் முடிந்திருந்தது. மேல்காற்று கடற்காற்றை உள்ளே விடாமல் தடுக்கும் நாட்களில் ஜூனிலும் அதே கதைதான்.

விதிவிலக்குகளைச் சொல்லாவிட்டால் தவறாகும். கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமும் உண்டு. தென்காசி, செங்கோட்டைப் பக்கம் சாரல் காலத்தில் நடலாம். நீலகிரிக்கும் பொள்ளாச்சியின் மலையடிவாரத்துக்கும் ஜூன், ஜூலை பொருந்தும். தருமபுரி, சேலம், வேலூர்ப் பக்கம் ஆகஸ்ட், செப்டம்பரில் நல்ல மழை கிடைப்பதால் அவர்கள் ஒரு மாதம் முன்னதாகவே தொடங்கலாம். மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடினால் டெல்டாவில் வாய்க்கால் கரைகளில் நடுவதற்கும் தடையில்லை. கிணறும் சொட்டுநீரும் வைத்துத் தோப்புப் போடுகிறவருக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. நான் பேசுவது சாலையோரம், பள்ளி மைதானம், கண்மாய் ஓரம், புறம்போக்கு என்று தண்ணீர் லாரியை நம்பி நடப்படும் கன்றுகளைப் பற்றி. அதனால்தான் மாநிலம் முழுமைக்கும் ஒரே தேதி வேண்டாம் என்கிறேன். நடும் தேதியை முடிவு செய்யும் பொறுப்பை வட்டார அளவில் விட்டுவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

"ஆடிப்பட்டம் தேடி விதை என்று பெரியவர்கள் சொல்லவில்லையா?" என்று ஒரு மேடையில் என்னை மடக்கினார்கள். சொன்னார்கள், விதையைப் பற்றிச் சொன்னார்கள். விதைக்குக் காத்திருக்கத் தெரியும். ஒரு மழை பெய்தால் முளைக்கும், முளைத்த நாள் முதல் அந்த மண்ணிலேயே வேர் விட்டுப் பழகும். பை மண்ணில் வளர்ந்த கன்றுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. மரங்களே தமக்கென்று ஒரு நாட்காட்டி வைத்திருக்கின்றன. சித்திரையில் பூத்த வேம்பு ஆனி, ஆடியில் பழம் உதிர்க்கிறது. இலுப்பையும் நாவலும் அந்தச் சமயத்தில்தான். பனம்பழம் ஆவணி, புரட்டாசியில் விழுகிறது. எல்லாம் பெருமழைக்கு முன்னால் விதையை மண்ணில் சேர்த்துவிடும் ஏற்பாடு. பனை விதை நடும் இளைஞர்களைப் பாருங்கள். ஜூனில் நட அவர்களுக்கு விதையே கிடைக்காது. பழம் விழும் பருவத்தில் பொறுக்கி, கண்மாய்க் கரையில் உடனே ஊன்றிவிட்டுப் போகிறார்கள். ஒரு குடம் தண்ணீர்கூட ஊற்றுவதில்லை. விதை ஊன்றினால் தைப்பொங்கலுக்குக் கிழங்கே எடுக்கலாம், அத்தனை ஆழமாக அதற்குள் இறங்கியிருக்கும். மரம் நடும் இயக்கங்களில் பருவம் தப்பாதது அது ஒன்றுதான் என்று தோன்றுகிறது. அதற்குக் காரணம் பனை, நாம் அல்ல.

கோடை மழையை நம்பி நடுவோரும் உண்டு. மே மாதம் இரண்டு நாள் இடியோடு கொட்டியதும் "மண் நனைந்துவிட்டது, நட்டுவிடலாம்" என்று கிளம்புவார்கள். மேல்மண் நனைந்திருக்கும், உள்ளே தொட்டால் சுடும். கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். ஒரு முழம் ஆழத்திலிருந்து எடுத்த மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும். அந்தப் பதம் வராமல் எந்த மாதத்திலும் நடாதீர்கள், ஐப்பசியிலும்கூட.

இப்போது ஐப்பசியில் நட்ட கன்றின் கதையைச் சொல்கிறேன். நடும்போதே நிலம் நனைந்திருக்கிறது. மேகமூட்டம், மந்தமான வெயில், காற்றில் ஈரம். இலைக்கு இழப்பு குறைவு. வேர் அவசரமில்லாமல் கட்டியைத் தாண்டுகிறது. கார்த்திகை, மார்கழியில் மேலே பெரிய வளர்ச்சி தெரியாது. "நட்டபடியே நிற்கிறதே" என்று கேட்பவர்கள் உண்டு. அந்த நேரத்தில் வேலை முழுவதும் கீழே நடக்கிறது. தையில் மழை நின்ற பிறகும் நிலத்தில் ஈரம் இருக்கிறது. அது கீழே இறங்க இறங்க வேரும் அதைத் துரத்திக்கொண்டு இறங்குகிறது. மாசிப் பனி வரை வெயிலின் உக்கிரம் இல்லை. பங்குனி, சித்திரை வரும்போது அதன் வேர் ஐந்து மாதம் நிலத்தில் பழகியிருக்கும். ஜூனில் நட்ட கன்று உயிரோடு இருந்தால், அது தன் முதல் ஐந்து மாதத்தையும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டே கழித்திருக்கும்.

தண்ணீர்க் கணக்கையும் போடுவோம், அதிகாரிகளுக்குப் பிடித்தது அதுதானே. ஆயிரம் கன்றுகளைச் சாலையோரம் ஐந்து மீட்டருக்கு ஒன்றாக நட்டால் ஐந்து கிலோமீட்டர் நீளம். கன்றுக்குப் பத்து லிட்டர் என்றால் ஒரு நடைக்கு 10,000 லிட்டர். வாரம் இரண்டு நடை வீதம் ஜூன் தொடக்கத்திலிருந்து அக்டோபர் நடுவரை இருபது வாரம் ஊற்றினால் 4 லட்சம் லிட்டர். லாரி வாடகை, டீசல், குழாய் பிடிக்க ஆள் எல்லாம் தனி. அதுவும் எந்த மாதத்தில்? குடிநீருக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டு மக்கள் காத்திருக்கும் மாதத்தில். அவர்கள் கண்ணெதிரே லாரி போய்க் கன்றுக்கு ஊற்றினால் ஊரில் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதனால்தான் மூன்றாவது வாரத்தோடு லாரி நின்றுவிடுகிறது. யார் மீதும் குறை சொல்ல முடியாது. அதே ஆயிரம் கன்றுகள் அந்த இருபது வாரமும் என் நிழல்வலைக்குக் கீழே இருந்தால், ஒரே ஆள் ஒரு குழாயை வைத்து அரை மணி நேரத்தில் நனைத்துவிடுவார். பெரிய பைக்கு மாற்றி வைத்தால் அக்டோபருக்குள் தண்டும் தடித்துவிடும்.

மழைக்காலத்தில் நடுவதற்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களையும் கேட்டிருக்கிறேன். புயல் முதலாவது. 2016 டிசம்பரில் வர்தா சென்னையில் சாய்த்த மரங்களையும் 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் சாய்த்த தென்னைகளையும் காட்டுவார்கள். சாய்ந்தவை எல்லாம் விரிந்த தலையோடு காற்றை வாங்கிய பெரிய மரங்கள். இரண்டடி, மூன்றடிக் கன்றில் புயலுக்குப் பிடித்து இழுக்க என்ன இருக்கிறது? ஒரு மூங்கில் குச்சியை ஊன்றிச் சணல் கயிற்றால் தளர்வாகக் கட்டினால் போதும். புயல் ஒரு நாள் விவகாரம், ஆடிக்காற்று இரண்டு மாத விவகாரம்.

தண்ணீர் தேங்கி அழுகிவிடும் என்பது இரண்டாவது. இதில் உண்மை இருக்கிறது. பள்ளத்தில் வேம்பை நட்டுவிட்டு மழையைத் திட்டக் கூடாது. தண்ணீர் நிற்கும் இடத்தில் மருது, நாவல், புங்கை என்று தாங்கும் மரங்களை வையுங்கள். களிமண்ணாக இருந்தால் கொஞ்சம் மேடு கட்டி நடுங்கள். அடைமழை பெய்யும் வாரத்தில் சேற்றை மிதித்துக்கொண்டு நடவும் வேண்டாம். மிதித்த சேறு காய்ந்தால் செங்கல்தான், வேருக்கு அதில் காற்றே போகாது. இரண்டு மழைக்கு நடுவே மண் பொலபொலப்பாக இருக்கும் நாளைப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவது காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சிறப்பு விருந்தினர் மழையில் நனைவார், ஷாமியானா ஒழுகும், படம் நன்றாக விழாது. இதற்கு என்னிடம் பதில் இல்லை. குடை பிடித்துக்கொள்ளலாம்.

ஆண்டு இலக்கு என்று ஒன்று சொல்வார்கள். நிதியாண்டு மார்ச் 31 வரை இருக்கிறது. அக்டோபரில் நட்டாலும் அதே ஆண்டின் கணக்கில்தான் வரும். விழாவுக்கு ஒரு தேதி இருந்தே ஆக வேண்டும் என்றால் தேதிக்கா பஞ்சம்? அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, அன்று கிராம சபையும் கூடுகிறது. அக்டோபர் 15 அப்துல் கலாம் பிறந்த நாள், மாநிலத்தில் இளைஞர் எழுச்சி நாள். இராமேசுவரத்தில் பிறந்தவருக்கு இராமநாதபுரத்து மழை தெரியாதா என்ன. மண் பதம் வந்திருந்தால் அன்றே நடுங்கள், வராவிட்டால் அன்று பேச்சை வைத்துக்கொண்டு நடவை ஒரு வாரம் தள்ளுங்கள். பல பள்ளிகள் நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமைக் காலாண்டு விடுமுறையில் நடத்துகின்றன. அது புரட்டாசியில்தான் வருகிறது. பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தையே அரசு 2022 செப்டம்பர் 24 அன்றுதான் தொடங்கியது. 33 விழுக்காடு பசுமைப் பரப்பு என்ற இலக்கோடு தொடங்கிய அந்தத் தேதியைப் பார்த்தபோது, கோட்டையிலும் மழைக்கணக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. மாவட்டத்துக்கு வரும்போது அது மறுபடி ஜூனாகிவிடுவதுதான் புரியவில்லை.

சரி, ஜூன் 5 அன்று என்ன செய்வது?

முதலில் குழி வெட்டுங்கள். நீளம், அகலம், ஆழம் மூன்றும் இரண்டு அடி. மேல்மண்ணை ஒரு பக்கமும் அடிமண்ணை மறுபக்கமும் போட்டு, குழியை வெயிலில் காய விடுங்கள். கரையானும் புழுவும் வெளிப்பட்டுச் சாகும். ஆவணி இடிமழை பெய்தால் தண்ணீர் குழிக்குள் இறங்கி அடிமண் முன்கூட்டியே குளிரும். கரிசலில் இது கட்டாயம், ஏனென்றால் மழை தொடங்கிய பிறகு அந்த மண்ணில் மண்வெட்டியும் போகாது, காலும் வராது. புரட்டாசியில் மேல்மண்ணோடு மக்கிய தொழு உரமும் ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கும் கலந்து நிரப்பிவிட்டால், நடும்போது பை அளவுக்குக் கையால் தோண்டினால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: பிள்ளைகள் ஓடும் இடத்திலும் மாடு போகும் தடத்திலும் குழியைத் திறந்து போட வேண்டாம், சருகை நிரப்பி வையுங்கள்.

இரண்டாவது, பிள்ளைகளை விதை பொறுக்க அனுப்புங்கள். வேப்பம்பழம் விழத் தொடங்கும் நேரம் அதுதான். வேப்ப விதைக்கு ஆயுள் குறைவு, சில வாரங்களில் முளைப்புத் திறன் போய்விடும். அதனால் பொறுக்கிச் சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, உடனே பையில் ஊன்றிவிட வேண்டும். நாவலும் அப்படித்தான். கன்று நட்டுப் படம் எடுத்துக்கொண்ட பிள்ளைக்கு அந்த மரத்தோடு ஐந்து நிமிடப் பழக்கம். தான் பொறுக்கிய விதை முளைத்துப் பையில் வளர்வதை வகுப்பறை வாசலில் தினமும் பார்க்கும் பிள்ளைக்கு வேறு மாதிரிப் பழக்கம். அந்தப் பிள்ளை கன்றைப் பட்டுப்போக விடாது.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சென்ற ஆண்டு நட்டவற்றை அன்று போய் எண்ணுங்கள். கோடை முழுவதும் கடந்து, கத்திரியும் முடிந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். அன்று பச்சையாக நிற்பதுதான் உண்மையில் நீங்கள் நட்டது. கூண்டு நிற்கும், கூண்டில் உபயதாரர் பெயர் புதுசாகவே இருக்கும், உள்ளே எருக்கு முளைத்திருக்கும். அதையும் எண்ணுங்கள். பேனரில் "இந்த ஆண்டு நட்டவை" என்று போடும் இடத்தில் "சென்ற ஆண்டு நட்டதில் நிற்பவை" என்று போடும் மாவட்டம் எதுவோ, அந்த மாவட்ட ஆட்சியருக்கு என் செலவில் சால்வை போடத் தயார்.

கன்று வாங்கும் முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். ஜூன் 3 அன்று கேட்டு 5 அன்று வாங்கினால், நாற்றங்காலில் அன்றைக்கு எது இருக்கிறதோ அதுதான் உங்களுக்குக் கிடைக்கும். விரல் நீளக் கன்று பாதியும், பையில் வேர் முற்றிப்போன பழைய சரக்கு பாதியும் கலந்திருக்கும். எங்கள் தொழிலின் ரகசியத்தைச் சொல்கிறேன் என்று சக நாற்றங்கால்காரர்கள் கோபிக்கலாம். உயரத்தைப் பார்க்காதீர்கள், தண்டின் அடியைப் பாருங்கள். நிழலிலேயே வளர்ந்த கன்று நெடுநெடுவென்று அழகாக இருக்கும், வெளியே போனதும் மடியும். நடுவதற்கு ஒரு மாதம் முன்பே நிழல்வலையை விட்டு வெயிலுக்குக் கொண்டுவந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பழக்கிய கன்றைக் கேட்டு வாங்குங்கள். அடிப்பையைக் கீறிச் சுற்று வேரைப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள், என் கடையாக இருந்தாலும்.

நட்ட பிறகு மழை நிற்கும் நேரத்தில், அதாவது தை பிறந்ததும், கன்றைச் சுற்றி வட்டப்பாத்தி கட்டி மூடாக்குப் போட வேண்டும். தென்னை மட்டை, கரும்புச் சோகை, சருகு எது கிடைத்தாலும் சரி, தண்டைத் தொடாமல் நான்கு விரல் விட்டுப் போடுங்கள். முதல் கோடையில் பதினைந்து நாளுக்கு ஒரு நடை தண்ணீர் கொடுக்க முடிந்தால் நல்லது. ஜூன் கன்றுக்குச் செலவிடும் லாரித் தண்ணீரில் சிறு பங்குதான் இது.

இந்த ஜூன் முதல் வாரமும் வழக்கம்போல என் நாற்றங்காலுக்கு வாருங்கள். கன்றை ஏற்றிக்கொண்டு போக வண்டி எடுத்து வர வேண்டாம். எந்த ஊர், என்ன மண், தண்ணீர் நிற்குமா நிற்காதா, என்ன மரம், எத்தனை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போங்கள். இப்போது பையில் இருப்பதை இந்த ஐப்பசிக்குத் தயார் செய்கிறேன். இந்த ஆனியில் பொறுக்கும் விதையில் வளரும் கன்றை, பதினாறு மாதம் வளர்த்து, பெரிய பையில் அடுத்த ஆண்டு ஐப்பசிக்குத் தருகிறேன். விலை கன்றுக்குச் சில ரூபாய் கூடும், அதில் மட்டும் பேரம் பேசாதீர்கள். முன்பணம் நான்கில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். அலுவலகக் காசோலை என்றால் அது எங்களுக்குப் பணமாகி வரவே ஐப்பசி ஆகிவிடும் என்பதால், அதையும் ஜூன் 5 அன்றே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
நாற்றங்கால் வைத்திருக்கும் ஒருவன்,
சிவகங்கை மாவட்டம்.